‘மேல்’ ரவுட்டரில் நீ விட்டுவைத்த வரி

கடைக்காரி,

நேற்று மத்தியானம் உன் தம்பி வந்து ஓர் அட்டைப்பெட்டியை என் வீட்டு வாசலில் இறக்கினான். உன் காரியமெல்லாம் முடிந்து பெங்களூர் வீட்டைக் காலி செய்தபோது பரண்மேல் கிடைத்ததாம். மூடியில் உன் கையெழுத்தில் ‘மைன்ஸுக்கு’ என்று எழுதியிருந்தது. “யாருக்கா அது மைன்ஸு? எனக்கு இன்னா தெரியும், அம்மாதான் உங்க பேரைச் சொன்னாங்க” என்றான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான், பாவம்.

பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் ‘மேல்’. நம் மூன்று ரவுட்டர்களில் முதலாவது. நெற்றியில் நான் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது, எழுத்து மட்டும் பழுப்பாகிவிட்டது. ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். விசிறி ஒரு முறை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. சூடேறிய தூசியின் அந்த வாசனை வந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், நான் சந்தோஷப்பட்டேன். செத்தும் என்னை நினைத்திருக்கிறாளே என்று அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக வருகிறது.

ஆண்டர்சன்பேட்டையில் உன் அப்பாவின் எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்த குடோன் அறைதான் நம் லேப். பெங்களூரில் ஏதோ ஆபீசைக் காலி செய்தபோது பழைய இரும்போடு வந்த மூன்று ரவுட்டர்களை உன் அப்பா எடை போட்டு வாங்கி, “இந்தாங்க, ரெண்டு இன்ஜினியரம்மாளும் வெச்சிக்கினு ஆடுங்க” என்று மேலே அனுப்பினார். குடங்கள் அடுக்கிய ராக்கில் அவற்றை வைத்தோம். சுரங்க ஊர்க்காரிகள் ஆயிற்றே, மேல், நடு, கீழ் என்று பெயர் வைத்தோம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கேபிள். உள்ளே எழுத ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு கன்சோல் ஒயர். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்குத் தெரிந்த வழிகளைப் பக்கத்து ரவுட்டருக்கு அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைப்பதுதான் நம் படிப்பு, விளையாட்டு எல்லாம். கரன்ட் போனால் கீழே போய் உன் கடையில் வாடிக்கையாளருக்குக் குக்கர் காட்டுவோம்.

குழி ஆட்டம் உன் யோசனை. ஒருத்தி தப்பான வரி ஒன்றை உள்ளே எழுதி வைக்க வேண்டும், மற்றவள் கண்டுபிடிக்க வேண்டும். சட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். குழி நடுவில் மட்டும்தான். ஒரு தடவைக்கு ஒரு குழிதான். மேல், கீழ் இரண்டையும் திங்கட்கிழமை நம் நீல அட்டை நோட்டில் இருக்கிற வரிகளைப் பார்த்து எழுதி சேவ் செய்துவிட்டால் அந்த வாரம் முழுக்க யாரும் தொடக்கூடாது. அதே நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம்: குழி என்ன, வைத்தது யார், கண்டுபிடித்தது யார், எடுத்துக்கொண்ட நேரம். நான் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தால் நீ அரை மணி எடுப்பாய். “உனக்கு மூக்கு இருக்குடி மைன்ஸ், நாய் மாதிரி மோந்து புடிக்கிற” என்பாய். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு இருந்த வருஷம் அது. என் அப்பா சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் நிற்கிற இரும்புக் கூண்டை, கேஜை, இறக்கி ஏற்றுகிற வைண்டர்; நீ எனக்கு மைன்ஸ் என்று பேர் வைத்ததே அதனால்தான். மூடினால் கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து நம் இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. சனிக்கிழமை இன்டர்வியூ. மூன்று ரவுட்டரைக் கொடுத்து எதிரிலேயே வேலை செய்ய வைப்பார்கள். இருந்த இடம் ஒன்றே ஒன்று. எனக்கு அது கிடைத்தால் எங்கள் வீடு பிழைக்கும். உனக்கும் அவசரம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். வாணியம்பாடி அரிசி மில்காரர் வீட்டிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பொங்கலுக்குள் வேலை என்றால் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறேன் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். “அந்தாளு மூஞ்சியும் தவிட்டு மூட்டையும் ஒண்ணா இருக்குடி” என்று நீ சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே.

அந்த வாரத் திங்கட்கிழமை நீ நோட்டைப் படித்தாய், நான் ‘மேல்’ ரவுட்டரில் தட்டினேன். ஒவ்வொரு வரியும் என் விரலால் தட்டியது. செவ்வாய்க்கிழமை குழி வைப்பது உன் முறை. நான் கீழே உன் அம்மாவோடு டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டதும் ஏறி வந்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் நடுவில் நெட்வொர்க் எண் ஒன்று தப்பாக இருந்ததைப் பிடித்துத் திருத்தினேன். கீழ் ரவுட்டரின் வழி வந்துவிட்டது. மேல் ரவுட்டரின் வழி வரவில்லை.

“இன்னா கடைக்காரி, ரெண்டு குழி வெச்சியா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுதான்டி. அம்மா மேல சத்தியமா.”

“அப்போ இன்னாத்துக்கு வரமாட்டேன்னுது?”

“நீதான் திருத்தும்போது எதையோ கெடுத்துட்டே போலகீது. பொறுமையா பாரு” என்றாய். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாய்.

நான் பார்த்தேன், தாயே, எப்படிப் பார்த்தேன்! நடுவிலிருந்து மேலுக்கு ‘இருக்கிறாயா’ என்று பிங் போகிறது, பதில் வருகிறது. கேபிளில் குறையில்லை. வழி மட்டும் வரவில்லை. புதன்கிழமை நடுவை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். எழுதியதை நீ வாய்விட்டுப் படித்தாய், ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்றாய். இருந்தும் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி அழித்தேன், மறுபடி எழுதினேன். சரியாக எழுதியும் வேலை செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம்? நான் சரி என்று நினைப்பதே தப்பு, இத்தனை மாதம் படித்தது எதுவுமே எனக்குப் புரியவில்லை என்றுதானே அர்த்தம். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்தாய்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மூன்று பெட்டி, ஒன்றோடு ஒன்று பேச வேண்டும், மேல் பெட்டி நான் சொல்வதைக் கேட்கிறது, திருப்பி ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது. அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “நான் மணி அடிச்சி எதிர்மணி வரலைன்னா கேஜை நகத்தமாட்டேன். அந்தப் பக்கம் இன்னா ஆச்சின்னு ஆள் அனுப்பிப் பாப்பேன். நீ இன்னாத்துக்கு இங்கியே தோண்டிக்கினு கீற? மேல போய்ப் பாரு” என்றார்.

“மேல ஒண்ணும் இருக்காதுப்பா. அதைத் தொடக்கூடாது, அது எங்க ரூலு” என்றேன்.

“ரூலு போட்டது யாரு?”

“நாங்க ரெண்டு பேருந்தான்.”

“அப்போ சரி” என்று சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார். கன்சோல் ஒயரை நடுவிலிருந்து பிடுங்கி மேலில் சொருக அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை நான் செலவு செய்யவில்லை. உன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று கூசினேன்.

வெள்ளிக்கிழமை வந்து நோட்டை உன் கையில் கொடுத்தேன். “நான் வரல, நீ போ. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நின்னுக்கினு பேச எனக்கு வராது” என்றேன். நீ நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாய். பிறகு, “சும்னே எதையாச்சும் ஒளறாத, அடுத்த தரம் சேந்து போலாம்” என்றாய். வா என்று மட்டும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை ரயிலுக்கு வந்து உன்னை ஏற்றிவிட்டேன். எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொண்டு வந்தேன், மடச்சி. ரயில் நகர்ந்தபோது நீ அழுதாய். என்னை விட்டுவிட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து நானும் அழுதேன்.

வேலை உனக்குக் கிடைத்தது. அடுத்த வாரம் வந்து லேப்பைப் பிரித்தாய். இரண்டு ரவுட்டரை இரும்புக்குப் போட்டுவிட்டு, “இது எனக்கு ஞாபகத்துக்கு” என்று மேலை மட்டும் எடுத்துக்கொண்டாய். நோட்டு என்னிடம் திரும்பி வந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கம் மூடியது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய என் அப்பா, பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கார் நம்பர் எழுதினார். கார்க்காரர்கள் ஹாரன் அடித்தால் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே சர்க்கரை ஏறி, கால் போய், திரும்பி வந்து படுத்தார். நான் டைப்பிங் சென்டரில் எட்டு வருஷம் அடுத்தவர்களின் பயோடேட்டாவைத் தட்டினேன். அதற்கப்புறம்தான் கோலாரில் இப்போதைய ஆபீஸ் நெட்வொர்க் வேலை. நீ போன இடத்துக்கு நான் நடந்தே வந்து சேர்ந்தேன்.

பொங்கலுக்குப் பொங்கல் நீ போன் பண்ணுவாய். என் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை அனுப்பினாய். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், “ஏய், அந்த ‘மேல்’ இன்னாத்துக்கு வரலைன்னு எப்பவாச்சும் யோசிச்சியா?” என்று. “அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ, விடுடி” என்பாய். உன் குரல் இறங்கிவிடும். என் நிலைமையை நினைத்து வருத்தப்படுகிறாய் என்று நான்தான் உனக்குச் சமாதானம் சொல்வேன். இதற்கு மேல் ஒருத்தியை எப்படி முட்டாளாக்க முடியும்?

நேற்று மேலுக்குப் பாஸ்வேர்டு கேட்டது. நம் பழைய பாஸ்வேர்டையே போட்டேன், திறந்தது. உள்ளே இருப்பதை முழுக்கத் திரையில் ஓடவிட்டேன். பீரோவிலிருந்து நீல நோட்டை எடுத்து வந்து வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை நான் தட்டியதெல்லாம் அப்படியே இருந்தது. கூடுதலாக ஒரே ஒரு வரி. பாஸிவ் இன்டர்ஃபேஸ். நடுவை நோக்கிப் போகிற அந்த வாயை மட்டும் அடைக்கிற வரி. அது இருந்தால் ரவுட்டர் வருவதையெல்லாம் கேட்டுக்கொள்ளும், தன் பங்குக்கு ஒன்றும் சொல்லாது. கோலாருக்கு வந்த முதல் வருஷமே இந்தக் கட்டளையைக் கற்றுக்கொண்டேன், கடைக்காரி. இதனால்தான் அன்றைக்கு வரவில்லையோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. ‘சே, மேலை யார் தொட்டிருப்பார்கள்’ என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை எடுத்துக்கொண்டாய், அது போகட்டும். எனக்கு எதுவுமே புரியவில்லை என்று என்னையே நம்ப வைத்தாயே, அதை எப்படி விடுவது? எட்டு வருஷம் ஒரு ரவுட்டர் பக்கம் போகப் பயந்தேன். என்னிடம் கேட்டிருக்கலாம். “மைன்ஸ், எனக்கு இது வேணும், நீ வராத” என்று ஒரு வார்த்தை. விட்டுக் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. அப்பாவை நினைத்துக் கொடுக்காமலும் இருந்திருப்பேன், சண்டை போட்டிருப்போம், உன் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனாலும் எனக்கும் ஒரு பங்கு பேச்சு இருந்திருக்கும்.

அந்த வரியை அழிக்க ஒரு நொடி போதும். இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தவளுக்கு அது தெரியாதா? அழிக்கவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. பரண்மேல் வைத்திருந்தாய், நான் பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்து அனுப்பினாய். மன்னிப்புக் கேட்கிறாயா? நேரில் கேட்டிருந்தால் முதலில் ஒரு அறை கொடுத்திருப்பேன், பிறகு என்ன செய்திருப்பேனோ. இப்போது அறையவும் ஆள் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் ஒரு பழக்கம். ஆபீசில் எந்த லிங்க் விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் எழுந்திருக்கமாட்டேன். “அந்தப் பக்கம் சரியாத்தான் மேடம் இருக்கு” என்று யாராவது சொன்னால், “இருக்கட்டும், ஒயரைக் கொண்டா” என்பேன். அப்பா சொன்ன வேலைதான். அவர் உயிரோடு இருந்தபோது செய்யவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வாரக் கட்டம் பாதி காலியாகவே இருந்தது. ‘குழி என்ன’ என்ற இடத்தில் அன்றைக்கு நான் எழுதியிருந்தது: ‘எனக்குத் தெரியவில்லை’. இன்று காலை அதை அடித்துவிட்டு அந்த வரியை எழுதினேன். வைத்தது யார் என்ற இடத்தில் உன் முழுப்பெயரை எழுதினேன். கண்டுபிடித்தது, நான். எடுத்துக்கொண்ட நேரம், இருபத்து மூன்று வருஷம்.

எழுதி முடித்ததும், பழைய வழக்கப்படி, உன்னிடம் காட்டத் திரும்பினேன்.

மைன்ஸ்