சித்தியின் வாய் மட்டும் அசைகிறது

ஒக்டோபர் 14, செவ்வாய், வெள்ளவத்தை

கோபம் இன்னும் அடங்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டு வீடியோவை இன்று எடிட் செய்தேன். பிரான்சில் விசா இல்லாமல் இருக்கும் அண்ணாவால் வர முடியவில்லை. "பாட்டொண்டும் போடாதை, அங்க கேட்ட சத்தம் அப்பிடியே வேணும்" என்று சொல்லியிருந்தார்.

அம்மாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் தேவாரம் பாடும்போது சித்தி கமராவுக்கு முன்னாலேயே நின்று யாருக்கோ சொல்கிறார்: "மூத்தவனுக்குத் தாயை விட வெளிநாடு பெரிசாப் போச்சு."

அதை அண்ணா கேட்கக் கூடாது. ஆனால் அந்தச் சனியன் பிடித்த மென்பொருளில் சத்தத்தைக் குறைக்கும் இடமே தெரியவில்லை. எந்த மடையன் அதை ஒளித்து வைத்தான்? பொறியியல் படித்த நான் பின்னேரம் வரை தேடினேன். படத்துக்குக் கீழே மயிரளவு கோடு ஒன்று. அதைக் கீழே இழுத்தால்தான் ஒலிக்கான பகுதி விரிகிறது. சித்தி பேசும் இடத்தில் சத்தத்தை முழுதாக இறக்கி அனுப்பினேன்.

இரவு சாப்பிடும்போது அண்ணா ஃபோனில் கூப்பிட்டார்.

"தேவாரம் நடுவில நிண்டு போகுது. ஏன்டா?"

"மைக் பழுது, அண்ணா."

"சித்தியின்ர வாய் அசையேக்க மட்டும் பழுதாகிற மைக்கோ?"

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ன சொன்னவ எண்டு எனக்குத் தெரியும். ஃபோனிலயும் அதைத்தான் சொன்னவ. எனக்கு அம்மாவுக்குப் பாடின தேவாரம் முழுசா வேணும். அதுக்குள்ள அவவும் இருந்திட்டுப் போகட்டும்."

கோட்டைத் திரும்ப இழுத்து, சத்தத்தை ஏற்றி அனுப்பிவிட்டேன். நாளைக் காலை சித்தி இடியப்பம் கொண்டு வருவார். நான் கதவைத் திறக்கப் போவதில்லை.