மூன்றில் எதைச் சொல்ல, மச்சான்?

என் ஆருயிர் மச்சானுக்கு,

போய்ச் சேர்ந்தவனை ஏன் தொந்தரவு செய்கிறேன் என்று கோபப்படாதே. இங்கே உயிரோடு இருப்பவர்களிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோயாம். பதறாதே, ஆரம்பக் கட்டம்தான். ராத்திரியெல்லாம் மூத்திரத்துக்கு எழுந்து ஓடுவது, மில்லில் மாற்று ஆள் வரும்வரை தறியை விட்டு நகர முடியாமல் மூத்திரத்தை அடக்கிய கோளாறு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நம் மில் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே நினைத்தோம்? பார்லித் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சிரித்துவிட்டார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார். ரத்தம் பார்த்து, பிறகு சதை எடுத்துப் பார்த்ததில்தான் தெரிந்தது.

அதோடு விட்டாரா? மூன்று வழி சொன்னார். ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியையே எடுத்துவிடலாம். இல்லையென்றால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாமென்றால் இப்போதைக்குச் சும்மா இருந்து, அவ்வப்போது ரத்தம் பார்த்து, வளர்ந்தால் கவனிக்கலாம். "மெதுவா வளர்ற ரகம், அவசரமில்ல. எதுன்னு நீங்கதான் சொல்லணும்." இதென்ன கொடுமை, மச்சான்! மாத்திரையை முழுங்கு என்றால் முழுங்குகிற ஆள் நான். என்னைப் போய்க் கேட்டால்?

ஆபரேஷன் என்றால் சிறுநீர் சொட்டலாமாம், ஆண்மையும் போகலாமாம். கரண்டிலும் அந்த இரண்டாவது பயம் உண்டு, வயிறும் படுத்துமாம். சும்மா இருந்தால் தூக்கம் போய்விடும். இது டாக்டர் சொன்னதில்லை, நானே கண்டது.

பெரியவன், "வெட்டி எடுத்துடுப்பா, எதுக்கு உள்ள வச்சிக்கினு" என்கிறான். ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் சின்னவன் சென்னைக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்கிறான். நான் எல்லாருக்கும் தலையாட்டுகிறேன். சலிப்பாக இருக்கிறது. பயத்தைவிடச் சலிப்புதான் அதிகம்.

உன் தங்கச்சியிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. டாக்டர் ரூமுக்குள் போகும்போதெல்லாம் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவோம். ஆம்பளை சமாச்சாரம், பொம்பளைக்கு எதுக்கு என்று நினைப்பு. நீ இருந்திருந்தால் அவள் பக்கத்து ஆளாக உள்ளே வந்திருப்பாய், இல்லையா?

நேற்று சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"உள்ள என்னாதான் சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. ஆபரேஷன் பண்லாமான்னு யோசிக்கிறோம்."

"யோசிக்கிறோம்னா யாரு? நீயும் பசங்களுமா? நாளைக்குத் துணி நனைஞ்சா தொவைக்கப்போறது யாரு? பக்கத்துல படுக்கிறது யாரு?"

எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறாள்! அந்தப் பெஞ்சில் உட்காரும் மற்றப் பெண்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அவர்கள் வீட்டு ஆம்பளைகளுக்கும் இதே நோய்தான், அவர்களிடமும் யாரும் சொல்லவில்லையாம், துவைக்கிற துணியைப் பார்த்தே கண்டுபிடித்தார்களாம்.

"எது போனாலும் பரவால்ல. நீ பாட்டுக்கு மூடி மறைச்சிக்கினு மூலையில கெடக்குற பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதுவிட்டேன், மச்சான். நோய் தெரிந்த பிறகு நேற்றுத்தான் அழுதேன்.

எதைச் செய்வோம் என்று இன்னும் தெரியாது. சும்மா இருந்து பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு வேறு தோன்றலாம். திங்கட்கிழமை பையன்கள் வெளியே இருக்கட்டும், அவளைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போகப்போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கடிதத்தை முடிக்கும்போது 'வருகிறேன்' என்று எழுதுவது வழக்கம். உனக்கு அப்படி எழுத மாட்டேன். உன் தங்கச்சி விடமாட்டாள்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
முதலியார்பேட்டை.