பதினாறு ஒலிவ மரங்கள்

நவம்பர் 12, சனி

காய் பறிக்கப் போனோம். அப்பா இறந்து பதின்மூன்று நாள்தான் ஆகிறது. துக்கம் என்றால் மரம் காத்திருக்குமா? மழைக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். தொண்ணூற்றாறு மரம். அண்ணன் நவ்வாஃப் அம்மான் நகரத்திலிருந்து வந்து, காரை நிழலில் நிறுத்திவிட்டுத் தானும் நிழலில் நின்றுகொண்டார். தம்பி ஹாயில் மூட்டைகளை எண்ணினான். ஏணியில் ஏறியது நானும், தங்கை ஃபத்தியாவும், வருஷாவருஷம் பறிக்க வரும் சிரியாக்காரி உம் குதைபாவும்தான். அவளுக்குப் பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு. அது ஊர் வழக்கம்.

மதியம் ரொட்டியும் தக்காளியும் சாப்பிடும்போது அண்ணன் பேச்சை எடுத்தார். "மூணு மாசம் கழிச்சு காஜி கோர்ட்டுக்கு ஒரு நடை வரணும். ரெண்டு பேரும். சும்மா ஒரு கையெழுத்து."

சும்மா. மகள்களின் பங்கை மகன்களுக்கு விட்டுக் கொடுக்கும் கையெழுத்துக்குப் பெயர் சும்மா. அப்பா இறந்த சூட்டில் பெண்களிடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்றுதான் சட்டம் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறது. சூடு ஆறுவதற்கு மூன்று மாதம் போதும் என்று யார் கணக்குப் போட்டார்களோ.

அண்ணன் அந்தப் பக்கம் போனதும் உம் குதைபா சிரித்தாள். "நானும் போட்டேன், எங்க ஊர் தர்ஆவுல. தம்பிக்கு. சண்டை வந்து இப்ப நிலம் அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. கையெழுத்து மட்டும் அங்க பத்திரமா இருக்கும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஃபத்தியாவிடம் சொன்னேன்: "நான் போட மாட்டேன். நீயும் போடாத." அவள் காய்களுக்குள் கிடந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். எனக்கு என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நவம்பர் 20, ஞாயிறு

சுகாதார மையத்தில் இன்று முப்பத்தோரு குழந்தைகளுக்கு ஊசி. காது இன்னும் இரைகிறது. வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு பிரசங்கம். என் கணவர் முன்ஸிருக்குத் திடீரென்று மார்க்கப் பற்று வந்துவிட்டது.

"ஆண்டவன் கொடுத்த பங்கை விடுறது பாவம், உம் யஸன்." மகன் பெயரை வைத்து, யஸனின் அம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

சரி. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இவருடைய மூன்று தங்கைகளும் இவருக்கும் இவர் தம்பிக்கும் எழுதிக் கொடுத்தார்களே, அன்றைக்கு ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி கொதிக்க வைத்தவள் நான். இந்த வீடு அந்த நிலத்தில்தான் நிற்கிறது. நான் இப்போது உட்கார்ந்து எழுதும் அடுக்களை யாருடைய பங்கோ. கேட்டேன்: "உங்க தங்கச்சிங்க விஷயத்துல அந்தப் பாவம் எங்க போச்சு?"

"அது வேற."

என்ன வேற? வெள்ளை பிக்கப் வண்டிப் படம் ஒன்றைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 2

ஹாயிலின் மனைவி அப்பாவின் ஃபிரிட்ஜைத் தாங்கள் இருக்கும் மாடிக்கு ஏற்றிவிட்டாளாம்.

டிசம்பர் 9, வெள்ளி

நாற்பதாம் நாள். அப்பா வீட்டில் சோறும் இறைச்சியும் ஆக்கினோம். ஆண்கள் முன்கூடத்தில் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே தட்டங்களில் நாங்கள் சாப்பிட்டோம்.

ஃபத்தியாவின் கட்டில் இப்போது சாமான் அறையில் கிடக்கிறது. அவள் படுத்திருந்த தெருப்பக்க அறையில் ஹாயில் போன் கடை வைக்கப் போகிறானாம். ஒன்பது வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, மலம் அள்ளியவள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் கேட்டு வந்தவர்களை எல்லாம் "அப்பாவை யார் பார்ப்பது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். நாங்கள்தான். நானும்தான்.

"உன்னைக் கேட்டாங்களா?"

"கேக்கல. சொன்னாங்க."

தட்டங்களைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீ நெசமாவே போட மாட்டியா?"

"மாட்டேன்."

"சரி," என்றாள். ஆனால் அந்தத் தட்டத்தையே ரொம்ப நேரம் துடைத்தாள்.

டிசம்பர் 27, செவ்வாய்

மையத்தில் ஸமீஹாவைப் பார்த்தேன், பேரனுக்கு ஊசி போடக் கூட்டி வந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன்மார் மேல் வழக்குப் போட்டுப் பங்கை வாங்கியவள். ஊரில் அவளுக்கு 'அண்ணனைத் தின்னவள்' என்று பெயர். அவள் புருஷன் அவளை மண்டை உடைய அடித்தபோது ஒரு அண்ணனும் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகப் பெருநாள் காலையில் அவள் கதவை யாரும் தட்டியதில்லை.

எனக்கு அந்தத் தட்டல் வேண்டும். இதில் எழுதுவதற்கு என்ன வெட்கம்? தொழுகை முடிந்ததும் அண்ணனும் தம்பியும் இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பார்கள், கையில் நோட்டைத் திணிப்பார்கள், கால்மணி நேரம் உட்காருவார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால்மணி நேரத்தை முன்ஸிர் பார்க்கிறார், அவர் அம்மா பார்க்கிறாள், எதிர்வீடு பார்க்கிறது. இவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று வருஷம் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

பதினாறு மரமா, ஒரு தட்டலா? மகளுக்கு மகனில் பாதி. என் கணக்குக்குப் பதினாறு மரம், வீட்டில் ஆறில் ஒரு பங்கு.

ஜனவரி 13, வெள்ளி

அண்ணன் வந்தார். ரோமப் போர்வை ஒன்று கொண்டு வந்தார். எல்லார் முன்னாலும் என் நெற்றியில் முத்தமிட்டார்.

"நீ கேட்டா என் கண்ணையே குடுப்பேன், இந்திஸார்."

கண் வேண்டாம் அண்ணே, பதினாறு மரம் போதும். — அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

போகும்போது வாசலில் குரலைத் தாழ்த்தினார். "நம்ம அப்பா நட்ட மரத்துல அந்நியன் ஏறலாமா? நீயே சொல்லு." அந்நியன் என்றால் முன்ஸிர். இருபத்தேழு வருஷமாக நான் துணி துவைத்துப் போடும் ஆள். அவருடைய குலம் வேறு, மலைக்குக் கீழே. கல்யாணத்துக்குப் பொருத்தம், நிலத்துக்குப் பொருத்தமில்லை.

களைப்பாக இருக்கிறது. இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். எனக்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

இன்று முன்ஸிரிடம் சொல்லிவிட்டேன். "பங்கு வந்தா என் பேர்லதான் இருக்கும். விக்க மாட்டேன். வண்டி வாங்க மாட்டேன்."

அவன் — ஆமாம், அவன்தான், இன்றைக்கு மரியாதை கிடையாது — டீ கிளாஸை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அப்ப இங்க எதுக்கு இருக்க? கிளம்பு. உங்க அண்ணன் வீட்டுக்கே போ."

எங்க போவேன்? அண்ணன் கதவு திறக்குமா? கோர்ட்ல போய் அண்ணன் மரத்தைப் பிடுங்கிட்டு அவர் வாசல்லயே போய் நிக்க முடியுமா? ஐம்பத்தோரு வயசு. முப்பது வருஷ வேலை. சம்பளம் வாங்கி இந்த வீட்டுக்கு ஓடு போட்டேன், கதவு போட்டேன், தண்ணித் தொட்டி வச்சேன். போன்னு ஒரு வார்த்தை சொன்னா நிக்க எடமில்ல.

ஜனவரி 31

அண்ணனுக்குப் போன் செய்தேன். போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "ஆயிரம் ஆம்பளைக்குச் சமம் நீ," என்றார். ஃபத்தியாவிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 5

இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

போன் செய்தேன். குளிர் எப்படி இருக்கிறது, ஹீட்டருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டு 'மாட்டேன்' என்று பதில் வாங்கியவள், மறுபடி எதற்குக் கேட்பாள்?

பிப்ரவரி 14, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

காஜி பெண்களைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார். அண்ணனையும் தம்பியையும் வெளியே நிற்கச் சொன்னார். நல்ல மனிதர்தான். மூத்தவள் என்பதால் நான் முதலில் போனேன்.

"உங்க பங்கு எவ்வளவுன்னு தெரியுமா, அம்மா?"

"தெரியும்."

"விட்டுக் கொடுத்தா திரும்ப வாங்க முடியாது. தெரியுமா?"

"தெரியும்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

எவ்வளவு எளிதான கேள்வி. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினார். "இல்லை," என்றேன். போட்டேன். விரலில் மை ஒட்டிக்கொண்டது.

வெளியே ஃபத்தியா சுவரோரம் நின்றிருந்தாள். அப்பாவின் பழுப்புக் கம்பளிச் சட்டையை மேலே போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே மூடியிருந்த ஜிப்பு. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். அப்படி நிமிர்ந்து அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வந்தாள். "நான் போடல, அண்ணே."

ஹாயில் கத்தினான். காவலர் எழுந்து வந்தார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "உங்க அக்காவே போட்டுட்டா. உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"போட்டுட்டியா?"

கோபமே இல்லை. அடுப்பில் பாலை வைத்தாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவள் பஸ்ஸுக்கு நடந்து போய்விட்டாள்.

நான் அண்ணன் காரில் வந்தேன். வழியில் சூடாகக் குனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். பசித்தது.

பிப்ரவரி 20

முன்ஸிர் ஆறு நாளாகப் பேசவில்லை. நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 8, புதன்

மகளிர் தினமாம். மையத்தில் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். ஊசிக் குப்பைப் பெட்டியின் மேல் வைத்தேன், மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 30, வியாழன்

நோன்பு எட்டாம் நாள். ஃபத்தியா என் போனை எடுப்பதில்லை. மருந்து வாங்க வந்த அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் விஷயம் தெரிகிறது. ஹாயில் பெரிய அடுக்களையைப் பூட்டிவிட்டான். அவள் சாமான் அறையிலிருந்து கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு தெருப்பக்க அறைக்குத் திரும்பிவிட்டாள். காகிதத்தில் ஆறில் ஒரு பங்கு அவள் பெயரில் இருக்கிறது, அதனால் கடை வைக்க முடியவில்லை. ஒற்றை அடுப்பில் தனியாகக் கஞ்சி காய்ச்சி நோன்பு திறக்கிறாள். ஒரு வீட்டில் இருந்துகொண்டு யாரும் அவளுக்கு ஸலாம்கூடச் சொல்வதில்லை.

என்னைப் பற்றி ஊரெல்லாம் நல்ல பேச்சு. "பொறந்தா இந்திஸார் மாதிரி பொறக்கணும்" என்று பள்ளிவாசல் படியில் அண்ணன் சொன்னாராம். முன்ஸிர் அதைக் கேட்டு வந்து ஒப்பித்தார். நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

நான் சொல்லித்தானே அவள் போடவில்லை? அல்லது நான் போட்டிருந்தது தெரிந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டாளா? அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குச் சுகம். அதனால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 21, வெள்ளி. பெருநாள்

வந்தார்கள். தொழுகை முடிந்து எட்டரைக்குத் தட்டல் கேட்டது. அண்ணனும் தம்பியும் புது அங்கி, அத்தர் வாசனை, பெரிய இனிப்புப் பெட்டி. என் கையில் ஆளுக்கு இருபது தினார் வைத்தார்கள். முன்ஸிர் எழுந்து நின்று வரவேற்றார். மாமியார் பார்த்தாள். எதிர்வீடு பார்த்தது. காப்பியில் பாதி குடித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினான்கு நிமிஷம். போகும்போது கேட்டேன்: "ஃபத்தியாவைப் பார்த்தீங்களா?"

"எந்த ஃபத்தியா?" என்றான் ஹாயில்.

அவர்கள் கார் திருப்பத்தில் மறைந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். "எங்க போற, விருந்தாளிங்க வருவாங்க," என்றார் முன்ஸிர். "பெருநாள் பார்க்க," என்றேன்.

அப்பா வீட்டில் மாடியில் யாரும் இல்லை, எல்லாரும் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். தெருப்பக்க அறைக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

பேரைச் சொல்ல வாய் வரவில்லை. "பெருநாள் பார்க்க வந்திருக்கேன்," என்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது தாழ்ப்பாள் விலகியது.

மேசையில் காப்பிக் கெண்டி, தட்டில் பேரீச்சம்பழ பிஸ்கட், இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தாள். "அவங்க வர மாட்டாங்கன்னு தெரியும்," என்றாள். "இருந்தாலும் வச்சேன்."

உட்கார்ந்தேன். அண்ணன் தம்பி கொடுத்த நோட்டுகளை, அவர்கள் திணிக்கிற மாதிரியே அவள் கையில் திணித்தேன். விரித்துப் பார்த்தாள். மடித்து என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

"காசு வேண்டாம். உன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல, அக்கா. தீருமான்னும் தெரியல."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னு காஜிகிட்ட சொல்லியிருப்பியே, அந்த மாதிரி எங்கிட்ட சொல்லாத."

அழுதேன். அவள் அழவில்லை. காப்பி ஊற்றினாள். இரண்டு கோப்பையும் முழுக்கக் குடித்தோம், அவசரம் எதுவும் இல்லை. ஜன்னல் வழியாக ஒலிவ மேட்டைக் காட்டினாள். அவள் பங்கை அளந்து கல் நட்டுவிட்டார்களாம். ஓரமாக இரண்டு வரிசை, பாறைப் பக்கம். இருந்தாலும் காய்க்கிற மரங்கள்தான்.

"பதினாறையும் என் ஒருத்தியால இறக்க முடியாது. நவம்பர்ல வா. உம் குதைபாவுக்குக் குடுக்கிற பங்குதான் உனக்கும். மூணுல ஒண்ணு. அதுக்கு மேல கேக்காத."

கேட்க மாட்டேன் என்றேன். ஏணி கொண்டு வரவா என்று கேட்டேன்.

ஏணி தன்னிடம் இருக்கிறது, நான் வந்தால் போதும் என்றாள்.