ஜீவனுக்குக் கிடைத்த டோஸ்

12 நவம்பர், செவ்வாய்

மழை விடவில்லை. நான் பிள்ளை பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பத்தொன்பதில் ஏழு பிள்ளைகள்தான் வந்தன. பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம். பதுளை பஸ் இரண்டு நாளாக மடுல்சீமைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறினேன். போனுக்குச் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். என் வீட்டுக்காரருடைய குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. "மது, நேத்து எனக்குக் கொஞ்சம் டோஸ் கெடைச்சிருச்சு. பயப்படாத, பெருசா ஒண்ணுமில்ல. ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்குறாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டிப் போய், அணுமின் நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தும் இந்த மனிதரின் வாய் அடங்கவில்லையே! இங்கே தேயிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். கங்காணியோடு வாய்ச்சண்டை, எச்சரிக்கைக் கடிதம், கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதம், கடைசியில் வேலையும் போயிற்று. சிரித்துக்கொண்டே நானும் குரலில் பதில் அனுப்பினேன். "நீங்க டோஸ் வாங்க வேண்டிய ஆளுதான்! வாங்கிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. எந்தப் பேப்பர நீட்டுனாலும் கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

13 நவம்பர்

என் பதிவைக் கேட்டுவிட்டார். பதில் இல்லை. கோபம் போல.

14 நவம்பர்

"சரி மது. நீ சொன்ன மாதிரியே போட்டுட்டேன்."

அப்பாடா. கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

16 நவம்பர், சனி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

இன்று மேட்டில் நின்றபோது ஸிஹாமா போனில் கூப்பிட்டாள். பதுளையில் இருக்கிறாள், அவள் கணவன் நப்ரீஸும் இவரும் அங்கே ஒரே வேலை, ஒரே அறை. "ஜீவனுக்கு எவ்வளவு டோஸாம்?" என்று கேட்டாள்.

"ஏச்சு வாங்குறதுக்கெல்லாம் அளவு இருக்கா?" என்றேன்.

"ஏச்சு இல்ல புள்ள. கதிர்வீச்சு. அங்க ஒரு பைப் கசிஞ்சிரிக்கி. தொடைக்கிறதுக்கு இவங்களத்தான் உள்ளுக்கு அனுப்பினாங்களாம். வெளிய வாற எடத்துல கதிர்வீச்சுப் பாக்குற கேட்டுல மூணு பேருக்கு மணி அடிச்சிரிக்கி. குளிக்க வெச்சாங்களாம், திரும்பவும் மணி."

அந்தப் பேப்பரில் 'எனக்கு ஒன்றுமில்லை, பரிசோதனை வேண்டாம்' என்று எழுதியிருந்ததாம். நப்ரீஸ் கையெழுத்து வைக்கவில்லை. அவருக்கு இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கிறார்களாம். "ஜீவன் மட்டும் ஏன் வெச்சாரு?" என்றாள்.

ஏன் வைத்தார்? நான் சொன்னேன், வைத்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்துப் பாணி ஊற்றும்போது தினமும் டோஸ் பார்த்து ஊற்றுகிறவள் நான். எனக்கு அந்த வார்த்தை தெரியாதா? தெரியும். ஆனால் அவர் சொன்னதும் ஏச்சுதான் நினைவுக்கு வந்தது. அட பாவி மதுஷா, ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிற மனுஷன் வாயை நீதானேடி மூடின?

17 நவம்பர், ஞாயிறு

நாலு தடவை மேட்டுக்கு ஏறினேன். காலெல்லாம் அட்டை. அவர் போன் அணைந்தே கிடக்கிறது.

செய்தியில் தேடிப் பிடித்துப் படித்தேன். 'சிறிய கசிவு. மக்களுக்கு ஆபத்தில்லை.' மக்கள் என்றால் வேலிக்கு வெளியே இருப்பவர்கள். துடைப்பம் பிடித்தவர் எந்தக் கணக்கு?

மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்குவாரா? "ஏன் சாப்புடல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீடு முழுக்க ஒரே காம்பரா. எந்தப் பக்கம் திரும்பி அழுவது? அடுப்பை ஊதி ஊதிப் புகையில் அழுதேன்.

18 நவம்பர்

பஸ் இல்லை. போனும் இல்லை. பஸ் வந்தால் மட்டும் எங்கே போவேன்?

19 நவம்பர், செவ்வாய்

பேசினேன்!

அவரே எடுத்தார், கிசுகிசு குரலில். "வேலை நேரம் தவிர வெளிய விடல மது. வெளிய யார்கிட்டயும் இதப் பத்திப் பேசக் கூடாதாம். கக்கூஸ்ல இருந்து பேசுறேன்."

"நான் ஏச்சுன்னு நெனச்சிட்டேங்க. சத்தியமா ஏச்சுன்னு நெனச்சிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை.

"இப்பப் போய் வாயத் தொறந்து கேளுங்க. எனக்கும் பாருன்னு கேளுங்க. அந்தக் கையெழுத்து செல்லாதுன்னு சொல்லுங்க."

"கேட்டா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நப்ரீஸுக்கு டிக்கட் போட்டாச்சு."

"அனுப்பட்டும்."

"அனுப்புனா? திரும்பவும் பெரட்டுக்கா?"

விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதை வெறுத்துத்தானே அவர் ஓடினார். "ஆமாங்க" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. கேட்டதோ என்னவோ.

22 நவம்பர்

ஒன்றுமில்லை. மழை.

25 நவம்பர், திங்கள்

கேட்டிருக்கிறார். இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டோஸ் கொஞ்சம்தானாம், ஆஸ்பத்திரியில் நாலைந்து தடவை நெஞ்சுக்கு எக்ஸ்ரே பிடித்த அளவு என்று டாக்டர் சொன்னாராம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிக்கட்டும் போட்டாயிற்று.

மேட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். கொஞ்சம் மெலிவு, மற்றபடி அதே ஆள். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பதுளைக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வந்திருக்கிறார் என்றுதான் மாமியாரிடம் சொல்லியிருக்கிறோம். ஆள் குறைவு என்று தோட்டத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், நாளைக்குப் பெரட்டு. அதே கங்காணி.

காலையில் கேட்டார், "இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கியா? நீ ஏச்சுன்னு நெனச்சது எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சியே. நான் போனதுல இருந்து ஒரு நாள் அப்படிச் சிரிச்சிருக்கியா? அதக் கெடுக்க மனசு வரல."

உண்மையா, என் மனதைத் துடைத்துவிடச் சொன்னதா? துடைக்கிற வேலைதானே இவ்வளவு நாளும் பார்த்தார். எதுவானாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சிரிப்புக்காகவா உயிரைப் பணயம் வைப்பது? மாமியார் இருக்கிறார் என்றும் பார்க்காமல் கொடுத்தேன் ஒரு முழு டோஸ். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

நான் ஓய்ந்த பிறகு, மாமியார் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குச் சுருளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே, தேயிலைச் செடிகளின் கிளை கழிக்கும் ஜீவனுடைய கவ்வாத்துக் கத்தி. துளி துரு இல்லை. மகன் இல்லாத இரண்டு வருடமும் மாதா மாதம் எண்ணெய் பூசி வைத்திருந்தாராம்.