பிள்ளைகள் எத்தனை

ஜூன் 9

அன்புள்ள லென்ஸ்காரருக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? போனை எடுத்தால் "சாப்பிட்டியா?", "ம்", "நீங்க?", "ம்" என்று நாலே வார்த்தையில் நம் பேச்சு தீர்ந்துவிடுகிறது. எப்படியும் இந்தப் படிவத்தைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். கூடவே நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது என்று உட்கார்ந்தேன்.

பயிற்சி மையத்து விடுதி பரவாயில்லை. அறைக்கு மூன்று பேர். மற்ற இருவருக்கும் இருபது வயதுகூட நிறையவில்லை. முப்பத்தாறு வயதில் ஒருத்தி பெட்டியோடு வந்து நின்றதும் வார்டன் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். "உக்காருங்கடி, நானும் சீன மொழி படிக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். இன்னும் நம்பிய மாதிரி தெரியவில்லை.

முதல் பாடமே 'மா'. அதை நாலு விதமாகச் சொல்ல வேண்டும். குரலை மேலே நேராக நீட்டினால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. வெட்டினாற்போல் இறக்கினால் திட்டு. நான் அம்மாவைக் குதிரையாக்கினேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்தில் பதவி உயர்வுக்காகப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னது பாதிதான் நிஜம். நம் பொடிசு போய் இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டில் எந்த வார்த்தையைச் சொன்னாலும் அவள் குரலில் கேட்கிறது. தண்ணீர் என்றால்கூட. அவள் ஒரு தடவையும் சொல்லாத வார்த்தைகளாகப் பேசி இரண்டு வருடம் இருந்துவிட்டு வரலாம் என்று பார்த்தால், இந்த பாஷையும் அம்மாவில்தான் தொடங்குகிறது.

படிவத்துக்கு வருகிறேன். உதவித்தொகை அலுவலகத்துக்குக் குடும்ப விவரத் தாள் இரண்டு வேண்டும். ஒன்றை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றதைக் கணவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேரே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் சீனாவுக்குப் பயணம், தாமதிக்காதீர்கள்.

எனக்கும் ஏதாவது எழுதுங்கள். வாயால் வராதது சில சமயம் காகிதத்தில் வரும்.

உங்கள்
வாயாடி

*

ஜூன் 18

என் வாயாடிக்கு,

படிவத்தை எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பதினோரு வருடத்தில் நீ சொன்னதை உடனே செய்தது இதுதான் முதல் தடவை. எங்காவது குறித்து வைத்துக்கொள்.

கடையில் வேலை அப்படியேதான். நேற்று ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கூட வந்த மனைவியைப் பார்த்தார். "தம்பி, பழசையே குடுத்துடுப்பா" என்றார். அந்த அம்மா கைப்பையாலேயே ஒன்று போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்பக்கம் தேய்க்கும் மெஷினுக்குப் போய்விட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் நீ இல்லை என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி, "பொண்ணையும் தொலைச்சுட்டு, இப்ப புருஷனையும் விட்டுட்டுப் படிக்கப் போறாளாக்கும்" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பொடிசைக் கூட்டி வர நீ மறந்ததை அவர்கள் இன்னும் விடவில்லை. நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. லாரி வரும் என்று யாருக்குத் தெரியும்?

சீனாவில் குளிர் அதிகமாமே? கம்பளிச் சட்டை வாங்கிவிடு. இரண்டு வருடம் முடிந்ததும் இங்கேதானே வருவாய்? அதை ஒரு வரி எழுதிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

உன்
லென்ஸ்காரன்

*

ஜூலை 5

அன்புள்ள லென்ஸ்காரருக்கு,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்?

நேற்று என்னை அலுவலகத்துக்கு அழைத்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 'பிள்ளைகள் எத்தனை' என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் 'ஒன்று' என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே 'பெண், ஏழு வயது'. இருந்தால் இப்போது ஒன்பது. வயதைக்கூடக் கூட்டவில்லை நீங்கள்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷிதான். ஆனாலும், "குழந்தைய மறைச்சுட்டுப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். இல்லை, செத்துப் போய்விட்டாள் என்று அந்த நாலு பேர் முன்னால் சொன்னேன். சொல்லி முடித்ததும் நாற்காலி போட்டார்கள்.

உங்களைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. 'இல்லை' என்று எழுத எனக்கும் அரை மணி நேரம் ஆனது.

இதோடு புதுத் தாள் வைத்திருக்கிறேன். அதோடு நகராட்சியிலிருந்து இறப்புச் சான்றிதழின் நகலும் வேண்டும். ஜூலை முப்பத்தொன்றுக்குள் வராவிட்டால் என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வாயாடி

*

ஜூலை 12

வாயாடிக்கு,

தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்து மூன்று நாளாகிறது. என்னால் 'இல்லை' என்று எழுத முடியவில்லை. நீ போகாமல் இருந்துவிட்டால்தான் என்ன? வீட்டை மாற்றிவிடலாம். வேறு ஊருக்குப் போகலாம். லென்ஸ் தேய்க்கிறவனுக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும்.

திரும்பி வருவாயா என்று கேட்டிருந்தேன். நீ அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

உன்
லென்ஸ்காரன்

*

ஜூலை 17

என்னைப் போகவிடுங்கள். தயவுசெய்து நகராட்சிக்குப் போங்கள்.

வேறு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

*

ஜூலை 24

வாயாடிக்கு,

சான்றிதழையும் திருத்திய தாளையும் நேரே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நேற்று நகராட்சிக்குப் போனேன். விண்ணப்பத்தில் 'இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு' என்று ஓர் இடம் இருந்தது. 'அப்பா' என்று எழுத வேண்டும். பேனா ஓடவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, "எழுதத் தெரியாதாங்க? சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார். அவரே எழுதினார். நான் வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். இனி இதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. சொல்லிவிடுகிறேன்.

அன்று கூட்டி வர வேண்டியது நீ இல்லை. நான்.

தினமும் காலையில் அவள் ஸ்டூலில் ஏறி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சின்னக் கரும்பலகையில், அன்றைக்கு நம்மில் யார் வரப்போகிறோம் என்று எழுதுவாளே. அன்றைக்கு 'இன்று அப்பா' என்று எழுதியிருந்தாள். நான் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய், பார்த்திருக்க மாட்டாய்.

மூன்று மணிக்கு ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வந்தார், அன்றைக்கே வெளியூர் போகிறேன் என்றார். இரண்டு லென்ஸையும் தேய்த்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது நாலு மணி ஆகியிருந்தது. அதற்குள் அவள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகவே சாலையைக் கடந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய ஆதார் அட்டையைக் கேட்டார்கள். எடுக்க வீட்டுக்கு வந்தேன். அட்டையை எடுத்தேன். பலகையைச் சட்டைக் கையால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று கேட்காதே. யார் கண்ணிலும் அது படக்கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது நீ போலீஸ்காரரிடம், "என் முறைதான் சார். நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ நாளைக் குழப்பிக்கொண்டாய் என்று எனக்குப் புரிந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

நீ பாரம் இல்லாமல் போ. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. திரும்பி மட்டும் வந்துவிடு. உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

லென்ஸ்காரன்

*

ஆகஸ்ட் 19

உங்களுக்கு,

நீங்கள் அனுப்பியது நேரத்துக்கு வந்துவிட்டது. அலுவலக வேலை முடிந்தது. நாளை மறுநாள் விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை நான் குளித்து முடித்து வந்துவிட்டேன். நீங்கள் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தீர்கள். ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பாதியில் சாக்பீஸ் உடைந்து விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். "இன்னிக்கு அப்பா, ஜாலி!" என்று குதித்து இறங்கினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் அட்டையோடு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை, கையால் சுவரைப் பிடித்திருந்தீர்கள். அன்றைக்கு யார் கூட்டி வர வேண்டியிருந்தது என்று போலீஸ்காரர் கேட்டார். உங்களையும் இழந்துவிடுவேன் என்று பயந்துதான் என் முறை என்றேன். மறந்ததை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். வேலையில் குனிந்தவருக்கு நேரம் தெரியாமல் போவது எனக்கும் நடந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பலகையைத்தான் தேடிப் போனேன். அவள் கையெழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதில் ஒன்றும் இல்லை. இடையில் வீட்டுக்கு வந்து போனது நீங்கள் மட்டும்தான்.

அன்றிலிருந்து காத்திருந்தேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம். அண்ணன் அண்ணிக்கும் வேண்டாம். வீட்டில், நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தேன். உங்கள் அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டபோது நீங்கள் அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். இந்த ஜூனில்கூட, 'நீ மறந்ததை' என்று உங்கள் கையால் எழுதினீர்கள். அதைப் படித்த அன்றே எனக்குள் எல்லாம் அறுந்துபோயிற்று. அப்புறம் வந்த கடிதம் நிஜமாக இருந்தாலும், அதற்காகக் காத்திருந்தவள் அப்போது இல்லை.

திரும்பி வருவாயா என்று மூன்று தடவை கேட்டீர்கள். வரமாட்டேன். போய்ச் சேர்ந்ததும் விலாசம் அனுப்பமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, இரண்டு நாளாக அழுது தீர்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிடாமல் மெஷினில் உட்காராதீர்கள், உங்களுக்குத் தலை சுற்றும்.

இப்படிக்கு,
பொடிசின் அம்மா