உன் மடியில் இருந்த பலாப்பலகைக் கிட்டார்

இன்று காலை கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோதே ஒருவர் வாசலில் வந்து நின்றார். மேல்தோட்டத்துத் துரையின் டிரைவர். காரின் பின்சீட்டிலிருந்து ஒரு கிட்டாரைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். சிவப்பு நிறம், உள்ளே கூடு இல்லாத கட்டை உடம்பு, முகம் பார்க்கலாம் போல மினுக்கம்.

"சத்தம் விட்டு விட்டு வருதுங்க. அப்புடியே, இது நல்ல கிட்டார்தானான்னும் ஒங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு தொரை."

மேசையடியில் இருந்த, சத்தம் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் இணைத்தேன். வால்வு சூடேறியதும் தூசு கருகும் அந்த வாசனை வந்தது. உனக்கு அது தெரியும். "வந்துருச்சுடா வாசம், இனி பாட்டு வரும்" என்பாய். ஆறு கம்பிகளையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் பேசின. "நல்ல சாமான்தான்" என்று சொல்லி, தளர்ந்திருந்த ஒரு வயரைப் பற்றவைத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான், அந்தக் கிட்டார் எனக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. ஒரு கிட்டாரின் சத்தத்துக்காக உன்னோடு நாள்கணக்கில் மல்லுக்கு நின்றவன் நான்.

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. நான் என் கையால் செய்த கிட்டாரை மடியில் வைத்தபடியே போனாய். அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தை. போன மாதம் வரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நேராகச் சொல்லிவிட எனக்கு வாய் வராது, சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். தலவாக்கலை கடைத்தெருவில் அப்பாவின் துணிக்கடையை ஒட்டிய சந்து போன்ற அறையில் ரேடியோ பழுது பார்க்க ஆரம்பித்திருந்தேன். நீ அடைமழையில் வந்தாய். தோளில் சாக்கு மூட்டை, கையில் கம்பளி சுற்றிய ஏதோ ஒன்று. தேயிலை அரைக்கிற தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் அறையில் வேலை என்றாய். சாக்கிலிருந்து பெட்டியும் கம்பளியிலிருந்து கிட்டாரும் வெளியே வந்தன.

"சீமைக்குப் போன தொரை விட்டுட்டுப் போனதுங்க. பங்களாவுல சமைக்கிற அப்பு எனக்குக் குடுத்தாரு. பெட்டி பேசவே மாட்டேங்குது. பொழைக்குமா?"

ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவனைப் போலக் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி பிழைத்தது. மடியில் படுக்கவைத்து, உருக்குத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கிற ஹவாய் கிட்டார் அது. நீ உருக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாய். அப்பாவின் கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அடேயப்பா, என்ன அழுகை அது! அன்றிலிருந்து நான் உனக்கு "ரேடியோ". "என்னா ரேடியோ, சொகமா?" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவாய்.

நீங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஏது கரண்டு? ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோர் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி, தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் அறையின் மூலையில் உட்கார்வோம். மேலே தொங்கும் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் நம் பெட்டிக்குக் கரண்டு எடுத்தோம். அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அதன் வயரை ஹோல்டரில் ஒரு பக்கமாக மாட்டினால் சாது. அதையே திருப்பி மாட்டிவிட்டால் கிட்டார்க் கம்பி முழுக்கக் கரண்டு ஏறி நிற்கும். எந்தப் பக்கம் என்று ஹோல்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாட்டியதும் புறங்கையால் கம்பியை லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுரீர் என்றால் கழற்றித் திருப்பு. உள்ளங்கையால் தொட்டால் கை தானாக மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விடாது. இதை எனக்குச் சொன்னது இஞ்சின் அறைக்காரனான நீதான். எர்த் கம்பி ஒன்று இழுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழுது பார்க்கிறவன் நான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே வருஷங்களை ஓட்டினேன்.

அந்த வயதில் நமக்கு அழுகிற சத்தம்தான் பிடித்தது. அழ ஒரு காரணமும் இல்லை. எந்தப் பாட்டையும் இழுத்து இழுத்து அழவைத்தோம். டீமேக்கர் ஐயா கதவருகே வந்து, "தம்பிகளா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பிறகு கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கே அழுகை எடுபடுமா? ஹட்டனில் ஒரு பறங்கிக்காரருக்கு ரேடியோகிராம் சரிசெய்து கொடுத்ததற்குப் பதிலாக அவருடைய பழைய கிட்டார் ஒன்று கிடைத்தது. வயிறு பெருத்து உள்ளே கூடாக இருக்கும், மேலே வயலினில் இருப்பதுபோல வளைந்த இரண்டு துளைகள். சத்தம் சும்மா உருண்டு திரண்டு வரும். நமக்கு ஹவாயே மறந்துபோனது. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினால் மட்டும் ஊளையிடும். பொகவந்தலாவைக் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் ஊளையிட்டு, மாப்பிள்ளை வீட்டார் நம்மை அடிக்கவே வந்துவிட்டார்கள். மறுவாரம் நீ, பாக்கியம் கொழுந்து பறிக்கப் போர்த்திப்போகும் பழைய கம்பளியைக் கிழித்து இரண்டு துளைகளுக்குள்ளும் திணித்தாய். அப்போது நீ அவளைக் கட்டிக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பனியில போத்திக்கிறதுக்கு வச்சிருந்தத எடுத்து மரத்துக்குப் போத்திவிட்டீங்களா? நல்லாருக்கு ஞாயம்" என்று பாக்கியம் உன்னைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லக்கூடாதாண்ணே?" என்றாள். நான் அசடு வழிந்தேன். ஊளை நின்றது.

ஏழெட்டு வருஷம் அப்படிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் எனக்குப் பித்துப் பிடித்தது. ஹட்டன் கிளப்பில் நடனத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. உள்ளே விடமாட்டார்கள், சன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். அவர்கள் கையில் கட்டை உடம்புக் கிட்டார்கள். மெல்லிசான சத்தம், கூர் தீட்டினது மாதிரி. எவ்வளவு கூட்டினாலும் ஊளை கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். நீ சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாய்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு ரேடியோ. ஆனா காதுல நிக்காம ஓடிருதே. எனக்கு வரவர அந்த ஹவாய்தான் திரும்பத் திரும்ப நெனப்புல வருது."

"நீ பின்னாடியே போய்க்கிட்டிரு" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அங்கேதான் நம் இருவரின் காதும் பிரிந்தது.

உடைந்த கதவொன்றின் பலாப்பலகையை அறுத்து, இழைத்து, கட்டைக் கிட்டார் செய்ய ஆரம்பித்தேன். எல்லாம் அமைந்தது, கம்பிக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் ஒன்றைத் தவிர. அது கொழும்பிலும் அகப்படவில்லை. அப்போது உன் ஹவாய் கிட்டார், முறுக்காணி சரிசெய்ய வேண்டும் என்று நீ விட்டுப்போனது, என் அலமாரியில் இருந்தது. நான் அதைத் திறந்து பிக்கப்பைக் கழற்றி எடுத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டாய் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

நீ வந்து பார்த்தாய். கத்தவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே ரேடியோ" என்றாய்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அந்தச் சிணுங்கல இன்னும் எவன்டா கேக்குறான்?" என்றேன். நீ காலியான கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஐந்தாறு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

பிறகு தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. தேர் கிளம்புவதற்கு முன் நீ ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். பாக்கியம் கடைக்கு வந்து, "அந்தப் பலாப்பலகைய எடுத்துக்கிட்டு வரச் சொன்னாருண்ணே" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியில் வழிக்கு வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொழுது சாய்கிற நேரம். தூறல் விட்டிருந்தது, தரையெல்லாம் ஈரம். விளக்குகளுக்காக ஸ்டோரிலிருந்து கோயிலுக்கு லைன் இழுத்திருந்தார்கள். நீ வெறுங்காலோடு, ஈரமேறிய சாக்கின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாய். கிட்டாரை வாங்கியதும் படுக்கவைத்தாய். கம்பிகளுக்கு அடியில் ஓர் ஆணியைச் செருகி அவற்றை உயர்த்தினாய். மடிக்குள்ளிருந்து உருக்குத் துண்டை எடுத்தாய். என் கட்டைக் கிட்டாரை ஹவாயாக ஆக்கிவிட்டாய். உன் பிக்கப் அதில் இருந்தது, நியாயம் உன் பக்கம்தான். எனக்கு முகம் கடுத்துவிட்டது.

நான் மரப்படியில் ஏறி, பல்பைக் கழற்றி, பெட்டியின் வயரை ஹோல்டரில் மாட்டினேன். இறங்கி வந்து பெட்டியின் குமிழைத் திருகினேன். எப்போதும் நீயே தொட்டுப் பார்ப்பாய். அன்றைக்கு ஒரு கையில் உருக்கு, மறு கை சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்.

"பொறங்கையால பாத்தியா?"

"பாத்தாச்சு."

பார்க்கவில்லை. குனிந்து அந்தக் கம்பியைத் தொட அன்று எனக்கு மனம் வரவில்லை. கோபத்தில் சொன்னதுதான், உன்னைக் கொல்வதற்காகச் சொன்னது அல்ல. இப்படிச் சொல்லிக்கொள்வதால் ஒன்றும் ஆகிவிடாது என்றும் தெரியும்.

நீ உருக்கை வைத்தாய். ஒரு சத்தமும் வரவில்லை. உன் கை மடங்கியதையும் உன் முதுகு விறைத்ததையும் பார்த்தேன். நான்தான் ஓடிப்போய் வயரைப் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகு நடந்தவை எனக்குக் கோர்வையாக இல்லை. தேர் அன்று நகரவில்லை. தலைவர், "ஆத்தா கூப்புட்டுக்கிட்டா" என்றார். டீமேக்கர் ஐயா, "ஈரத்துல கரண்டு, என்னா செய்ய முடியும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. சுடுகாட்டிலும் வரவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. கடை திறக்கிறேன், சாப்பிடுகிறேன், வால்வு மாற்றுகிறேன். சூட்டுக்கோல் விரலில் பட்டால் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிகிறது. ஹவாய், கூட்டுக் கிட்டார், கட்டைக் கிட்டார், எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பலாப்பலகைக் கிட்டாரை உடைத்து அடுப்பில் வைத்து எரித்தேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

போன மாதம் பாக்கியம் கடைக்கு வந்தாள். தன் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறாளாம், மறுநாள் ரயில். சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தேத்தண்ணி வரவழைத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்ணே. யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தக் கடல் தாண்டிப் போறதுக்குள்ள ஒங்ககிட்ட மட்டுமாச்சும் சொல்லிரணும். அன்னைக்கு அவரு ரப்பர் சப்பாத்தோடதான் வந்தாரு. இது காலுல இருந்தா கரண்டு கடிக்காதுன்னு சொன்னாரு. கோயிலுக்குள்ள சப்பாத்தா, சனங்க காறித் துப்பும்னு நான்தான் சண்ட போட்டேன். அவரு பேசாம நின்னாரு. நானே குனிஞ்சு, நானே கழட்டுனேன். இந்தக் கைதாண்ணே. இந்தக் கையாலதான் அவரக் கொன்னேன்."

அவள் அழவில்லை. அழுது தீர்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். இல்லை பாக்கியம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். தொட்டுப் பார்த்திருந்தால் திருப்பி மாட்டியிருப்பேன், அப்புறம் அவன் வெறுங்காலோடு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன்.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டம்ளரை என்மேல் வீசினாலும் சரி என்றிருந்தது.

"இது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"மூணு வருசம்ணே" என்றாள். டம்ளரை மேசையில் வைத்தாள், வாயே வைத்திருக்கவில்லை. "மூணு வருசமா இந்தக் கையால எனக்குச் சோறு எறங்கல."

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

உன்னைக் கொன்றதுதான் நான் செய்த பாவம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மாலைநேரத்து வீம்பு, ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவள் ஒவ்வொரு வேளையும் தன் கையைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். நான் கடையில் உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை என்று என்னைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உறைக்கிறது. உனக்கு இதையெல்லாம் எழுதிவிட முடிகிறது, நீ திருப்பிக் கேட்கப்போவதில்லை. எழுத வேண்டியது அவளுக்கு. அவள் போகிற ஊரின் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.