விசனம் எல்போ டப்பாவில் இருக்கிறது

என்னைத் திட்டியே வளர்த்த அமுதா அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்புகிறது. நம் ஏரியாப் பத்திரிகையில் போட்டோவும் இரண்டு வரியும் போதும் என்றார்கள். என் அக்காவுக்கு இரண்டு வரியா என்று கேட்டு அரைப் பக்கம் வாங்கியிருக்கிறேன். பத்திரிகைக்காரர் என் எழுத்தைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நம்பாதே என்று நீ சொல்வது கேட்கிறது. எழுந்தது உண்மை. டீ குடிக்கக்கூட எழுந்திருக்கலாம்.

செய்தி சொல்கிறேன். உன் மகள் கயல் பிளஸ் ஒன் வந்துவிட்டாள். உன் உயரம். உன் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் இன்னும் லீவு கிடைக்கவில்லை. அவள் எங்களோடு இரும்புலியூரில்தான் இருக்கிறாள். நாளைக் காலை அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி. அதனால்தான் பைப் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மின்விசிறிக் காற்று என்று வைத்துக்கொள்.

நம் வீட்டில் இருக்கும் அந்தப் பழைய நாவலைத்தான் இந்த வருஷம் அவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து கடினமான சொற்களைக் கேட்பார்களாம். பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து மேடையில் உட்கார வேண்டும். இருவரில் யார் வேண்டுமானாலும் பொருள் சொல்லலாம். இதைக் கேட்ட அன்றே நான் டீக்கடையில் சொல்லிவிட்டேன், பரிசு நம் வீட்டுக்குத்தான் என்று. அந்த நாவலை நான் தலைகீழாகச் சொல்வேன் என்றும், நான் எட்டாவதோடு நின்றபோது தலைமையாசிரியரே வீடு தேடி வந்தார் என்றும் சொன்னேன். அவர் எதற்கு வந்தார் என்பது உனக்குத் தெரியும். அதை எழுத இந்த அரைப் பக்கத்தில் இடமில்லை.

ஆனால் அக்கா, பேச்சு வேறு, மேடை வேறு. கயலின் சித்தப்பா பெருங்களத்தூர் அடுக்குமாடியிலிருந்து போன் செய்தார். பேங்க் ஆபீசர், நல்ல மனிதர்தான். "நான் வேணா வந்து உட்காரட்டுமா? உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. கயல் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? மேடையில் நான் விழித்தால் அவள் தலை குனியும். குனிந்த தலையோடு அவள் சித்தப்பா வீட்டுக்கே போய்விட்டால் நான் உனக்கு என்ன பதில் சொல்வேன்?

இன்னொரு பயமும் உண்டு. அந்தப் புத்தகத்தைத் தினமும் சாயங்காலம் நீதான் அவளுக்கு வாசித்துக் காட்டினாய். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மின்சார ரயில் டிக்கெட்டை நடுவில் வைத்து மூடினாய். அவள் அந்த டிக்கெட்டைத் தாண்டவே இல்லை. புத்தகத்தை எடுப்பாள், முதலிலிருந்து டிக்கெட் வரை படிப்பாள், மூடிவிடுவாள். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போட்டியிலோ முழுப் புத்தகமும் வரும்.

திருநீர்மலைக்குப் போய்ப் பெருமாளிடம் சொல்லிப் பார்த்தேன். அத்தனை படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். நடுவில் உட்கார்ந்தது ஊர் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க. இறங்கி வந்து தாம்பரம் பழைய புத்தகக் கடையில் அதே நாவல் ஒன்று வாங்கினேன். உன் புத்தகத்தை நான் தொடவில்லை. மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் படித்தேன். அது தமிழா, மந்திரமா? ஒரு சொல் நுழைந்தால் முந்தின சொல் வெளியே போய்விடுகிறது.

அப்புறம்தான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. இத்தனை பைப் சாமானையும் நான் எழுதி வைத்தா கற்றேன்? எந்தச் சாமான் என்ன வேலை செய்யும் என்று பார்த்துப் பார்த்துத்தானே மனதில் ஏற்றினேன். சொற்களையும் அப்படியே ஏற்றினேன். கழுத்து மடங்கிய எல்போ டப்பாவில் மார்க்கரால் விசனம் என்று எழுதினேன், துக்கத்தில் இருப்பவன் அப்படித்தான் இருப்பான். இரண்டு பைப்பைச் சேர்த்துப் பிடிக்கும் யூனியனுக்கு ஆப்தன், நம்பிக்கையான நண்பன். தண்ணீரை முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தும் எண்ட் கேப் நிஷ்டூரம், இரக்கமில்லாதது. போகப் போக மெலியும் ரெட்யூசர் க்ஷீணம். கடை முழுக்கச் சொல்லாகிவிட்டது. உன் தம்பி பொண்டாட்டி வந்து பார்த்துவிட்டு, கடைக்குப் பேய் பிடித்துவிட்டது என்றாள்.

இன்றைக்குச் சாயங்காலம் பிளம்பர் மாரி வந்தான். "அண்ணா, முக்கா இஞ்சு எல்போ எங்க கீது?"

நான் வேறு ஞாபகத்தில், "விசனத்துல கீது, எட்த்துக்க," என்றேன்.

"இன்னாண்ணா, காலைல நல்லாதானே இருந்த?"

மாரிக்குப் பின்னால் பையோடு கயல் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. முதல் அலமாரியை வாசித்தாள். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த சொற்கள். பின் அலமாரிக்குப் போனாள். அங்கே நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் அம்மா சொல்லலையே, மாமா."

"டிக்கெட்டுக்கு அப்புறம் வருது."

"டிக்கெட்ட எடுத்துட்டீங்களா?"

"அது வெச்ச இடத்துலயே கீது. நான் வேற புக்கு வாங்கிப் படிச்சேன்."

  நீ வைத்த எல்லையை நான் மிதித்துவிட்டேனோ என்று பயந்தேன். அவள் பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து, தண்ணீரைத் திறந்து மூடும் பால் வால்வு டப்பாவைக் காட்டினாள். பரியந்தம் என்று எழுதியிருந்தேன்.

"அப்டீன்னா?"

"வரைக்கும்னு அர்த்தம். வால்வத் திருப்பிப் பாரு, ஒரு அளவு வரைக்கும்தான் போவும். கதையில ஆயுள் பரியந்தம்னு வருது."

அவள் வால்வைத் திருப்பினாள். நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். "யாரோட ஆயுள், மாமா?"

கதையில் யார் என்று கேட்டாளா, வேறு எதையாவது கேட்டாளா? எனக்கு இன்னும் தெரியவில்லை. மாரி எல்போவுக்குக் காசு கொடுத்ததை நான் எண்ணாமல் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவளே போனை எடுத்தாள். "மாமாவே வர்றாரு சித்தப்பா. பாதி புக்குதான் எனக்குத் தெரியும். மீதி பாதி அவருக்குத்தான் தெரியும்," என்றாள்.

டீக்கடையில் இதைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லப் போகிறேன், தடுக்காதே. ஆனால் பயம் குறையவில்லை, அக்கா. மேடையில் எனக்கு எல்போவும் ரெட்யூசரும் கண் முன்னால் வர வேண்டும். முதல் சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டால்? டிக்கெட்டைத் தாண்டியதில் உனக்கு வருத்தம் இல்லையே?

உள்ளே கயல் கூப்பிடுகிறாள். உன் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறாள். டிக்கெட் இருக்கும் பக்கத்திலிருந்து நான் வாசிக்க வேண்டுமாம். கடைசி அத்தியாயத்தை நானும் இன்னும் படிக்கவில்லை, அதை அவளோடுதான் படிப்பேன். அந்த டிக்கெட்டை நகர்த்துவது அவள் கையாகத்தான் இருக்கும், என் கை அதில் படாது. நாளை ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் பக்கத்து நாற்காலி என்னுடையது. யாருடைய ஆயுள் என்று அவள் மறுபடி கேட்டால் சொல்ல இப்போது பதில் இருக்கிறது.

என் ஆயுள் பரியந்தம்,
கயலின் தாய்மாமன்,
உன் தம்பி ஏழுமலை